சொல்வதை மட்டும் எழுதவும்

ஜனவரி 9

அன்புள்ள ரேடியோவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். உன் தொண்டைக்கட்டு எப்படி இருக்கிறது? நாள் முழுக்கப் போனில் மின்சாரப் புகார் வாங்குகிற தொண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையாவது லீவு விடு. வேலை முடிந்து வந்தால் போனைத் தொடுவதில்லை என்று நீ சபதம் எடுத்ததில் எனக்குத்தான் லாபம். இந்தத் தெருவிலேயே தபால்காரர் கூப்பிட்டுக் கடிதம் கொடுக்கிற ஒரே ஆள் நான். "கூடப் பொறந்தவன் நான், கடுதாசி மட்டும் உனக்கா?" என்று உன் அண்ணன் ஒவ்வொரு தடவையும் முறைக்கிறார். ஆனால் நான் படித்துக் காட்டி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு அசையமாட்டார்.

ஒரு செய்தி இருக்கிறது. நீ திட்டுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். எங்கள் மருந்து மொத்தக் கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுகிற அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவள் பார்வையில்லாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கப் போவாளாம். அவர்கள் பதிலை வாயால் சொல்வார்கள், பக்கத்தில் இருந்து எழுத ஒரு கை வேண்டும். சம்பளம் கிடையாது. ஆள் கிடைக்காமல் பார்வையற்றோர் சங்கத்தில் தவிக்கிறார்கள் என்றாள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூடப் போனேன். போனவளைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்குக் கிடைத்தவர் ஒரு பஸ் டிரைவர். நடுவயதில் பார்வை போய்விட்டது. பத்தாவது பாஸ் செய்தால் டிப்போவிலேயே விசாரணை கவுன்ட்டரில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் மனைவி நன்றாக எழுதுவாள், ஆனால் சொந்தக்காரர்கள் எழுதக்கூடாது என்பது விதி. அதனால் பரீட்சை வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பழக்கம், மார்ச்சில் பரீட்சை.

உன் அண்ணனிடம் சொன்னேன். யாருடையதோ வாஷிங் மெஷினைப் பிரித்துப்போட்டு அதற்குள் தலையை விட்டிருந்தார். தலையை எடுக்காமலே, "வாரத்துல ஒரு நாள்தான் வீட்ல இருக்க. அதையும் தானம் பண்ணிட்டியா?" என்றார். பொடிசு மட்டும், "போயிட்டு வாம்மா, நீ இல்லேன்னாதான் நான் நிம்மதியாப் படிப்பேன்" என்றாள். என்னைவிட உயரமாகிவிட்டாள், இன்னும் பொடிசுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு, திட்டாகவே இருந்தாலும்.

உன் அண்ணி


ஜனவரி 21

அன்பு அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். தொண்டை தவளை மாதிரிதான் இருக்கிறது, புகார் சொல்கிறவர்கள் பயந்துகொண்டு சீக்கிரம் வைத்துவிடுகிறார்கள். நல்லதுதான்.

திட்டு கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பொடிசுக்கும் இந்த வருடம் அதே பத்தாவதுதானே? பெற்ற பெண்ணுக்குப் பரீட்சை நடக்கிறபோது யாரோ ஒருவருடைய பரீட்சையைப் போய் எழுதுவீர்களா? காலையில் எழுந்ததிலிருந்து உங்களுக்கு உட்கார நேரமில்லை. போன தடவை வந்தபோது பார்த்தேனே, நின்றுகொண்டே சாப்பிட்டீர்கள். நடுவில் கடை, பஸ், அண்ணனுடைய புலம்பல் வேறு. உங்களிடம் மிச்சம் என்று ஏதாவது இருந்தால் கொடுக்கலாம். இல்லாததை எடுத்துக் கொடுத்தால் அது வீட்டிலிருந்துதான் போகும்.

அண்ணன் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவன் பக்கம் பேச அவனுக்கே வாய் இருக்கிறது.

அது சரி, ஒன்று கேட்கவேண்டும். அந்த டிரைவருக்கு முதலில் எது தெரியாமல் போனது? ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு ஏதோ கண் தொந்தரவு, அவருக்காகக் கேட்கிறேன்.

பேனா தடியாக இருக்கிறதென்று சொல்லாதீர்கள். ஆபீஸில் இதுதான் கிடைத்தது.

பொடிசுக்கு என் முத்தம். அண்ணனுக்கு ஒரு குட்டு.

உங்கள் ரேடியோ


பிப்ரவரி 4

அன்புள்ள ரேடியோவுக்கு,

நலம், நலமறிய ஆசை என்று முறைப்படி ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உன் கடிதம் கொஞ்சம் சுட்டது. நீ சொன்னதில் பொய்யில்லை, அதுதான் சுட்டதற்குக் காரணம்.

ஏன் போகிறேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கடையில் பில் போடுகிறேன், அந்த மருந்து யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் வேலை செய்கிறேன், அது செய்யாதபோதுதான் மற்றவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மேஜையில் உட்கார்ந்தால், என் கையிலிருந்து வருகிற ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருவர் காது கொடுத்துக் காத்திருக்கிறார். இதை உன் அண்ணனிடம் சொன்னால், "நான் வேணா காத்திருக்கேன், டீ போடு" என்பார்.

டிரைவர் அண்ணா வீடு ஒரே அறை. மனைவி தையல் கூடத்தில் வேலை. நாங்கள் எழுதும்போது சத்தம் வரக்கூடாதென்று பாத்திரத்தை வாசலில் கொண்டுபோய்க் கழுவுகிறாள். நீ கேட்டதை அவரிடமே கேட்டேன். கோபப்படவில்லை. அவருக்கு ஓரம்தான் முதலில் போனதாம். பக்கக் கண்ணாடியில் மோட்டார் சைக்கிள் திடீர் திடீரென்று முளைக்கிறது என்று மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாராம். "ரோட்ல இருக்கற எல்லாருக்கும் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, எனக்குத்தான் தெரியலன்னு" என்று சிரித்தார். அதிகாரியிடம் சொல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டினாராம். உன் ஆபீஸ்காரரிடம் சொல், மறைக்க வேண்டாமென்று.

உன் எழுத்து என்ன, கடை போர்டு மாதிரி இருக்கிறது? ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் பிடிக்கிறது. வேறு பேனா வாங்கு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 25

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. உடம்பு சரியில்லையா, என் மேல் கோபமா? உன் அண்ணன் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரேடியோ ரிப்பேர்" என்கிறார். சிரிப்பாகச் சொல்கிறார், ஆனால் திறந்து பார்க்கிறார்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி வந்தபோது பொடிசு புத்தகத்தைத் தரையில் விசிறி அடித்திருந்தாள். சோறு அடிப்பிடித்திருந்தது. கேட்டதற்கு, "அந்த அங்கிளுக்குச் சொல்லிக் குடுக்க மட்டும் உனக்கு நேரம் இருக்கு" என்றாள். நான் சொல்லிக் கொடுப்பதில்லை, எழுதத்தான் எழுதுகிறேன் என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். பிறகு சின்னக் குழந்தை மாதிரி அழுதுகொண்டே, "பரீட்சை அன்னிக்குக் காலைல நீ என்கூட வரணும்" என்றாள். அவளுக்கும் அவருக்கும் ஒரே பரீட்சை, ஒரே நேரம், ஊரின் இரண்டு கோடியில் இரண்டு பள்ளிக்கூடம்.

சங்கத்தில் சொல்லி வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். நீ முதலிலேயே சொன்னாய். நீ சொன்னதுதான் சரியென்று ஒரு வரி எழுதிவிட்டால் எனக்கு மனம் சமாதானமாகும்.

அண்ணி


மார்ச் 3

அண்ணிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

நான் சொன்னது தப்பு. போங்கள். விட்டுவிடாதீர்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறினால் அந்த மனிதர் யாரிடம் போய்ப் புதிதாகப் பழகுவார்? பொடிசை அண்ணன் கூட்டிப்போகட்டும். அவனுக்கும் அவள்மேல் பாசம் உண்டு, காட்டத்தான் தெரியாது. ஒரு நாள் வாஷிங் மெஷின் காத்திருக்கும்.

மாடிப்படி இறங்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். கடைசிப் படி வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்?

ரேடியோ


மார்ச் 28

அன்புள்ள ரேடியோவுக்கு,

எல்லோரும் நலம். பரீட்சை முடிந்தது, இரண்டு பேருக்கும். முதலில் உன் மருமகள் கதை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "காட்டத்தான் தெரியாது" என்ற இடத்தில் உன் அண்ணன் எழுந்துபோய்விட்டார். ஆனால் முதல் பரீட்சை அன்று எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். வண்டியில் அவளை உட்காரவைத்துக்கொண்டு போய்விட்டு, பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூட வாசலிலேயே இருந்திருக்கிறார். அங்கே காத்திருந்த அம்மாக்களுக்கெல்லாம் பிரிட்ஜ் எப்படித் துடைக்கவேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறார். பொடிசுக்கு மானம் போய்விட்டதாம். ஆனாலும் அடுத்த பரீட்சைக்கு, "அப்பாவே வரட்டும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

எனக்கு நிஜப் பரீட்சை கணக்குத் தேர்வு அன்றுதான். தனி அறை, ஒரு மேஜை, கண்காணிக்க ஒரு டீச்சர். 'சொல்வதை மட்டும் எழுதவும், வேறு பேச்சு கூடாது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். டிரைவர் அண்ணா ஒரு கணக்கின் வழிமுறையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரியில், "ஏழெட்டு ஐம்பத்து நாலு" என்றார். ரேடியோ, நான் பில் போட்டே வாழ்கிறவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐம்பத்தாறு என்பேன். கை நின்றுவிடப் பார்த்தது. நின்றால் அவருக்குத் தெரிந்துவிடும், பேனாச் சத்தத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டு வருகிறார். ஐம்பத்து நாலு என்றே எழுதினேன். ஒரு தப்பை எழுத இவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் அவரே, "எங்கயோ கோட்டை விட்டுட்டேன்ல? உங்க மூச்சு மாறிச்சே" என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்க திருத்தாம விட்டது நல்லதுதாம்மா. பாஸானா நான் பாஸானதா இருக்கணும்."

மாடிப்படி விஷயம் கேட்டேன். கைப்பிடியில் கையை முன்னால் விட்டுக்கொண்டு போவாராம். கை தட்டையான இடத்துக்கு வந்ததும் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கணக்காம்.

இதை எழுதிவிட்டு யோசித்தேன். கண் தொந்தரவு உன் ஆபீஸில் ஒருவருக்கு என்றாய். உன் ஆபீஸ் கீழ்த்தளம், அங்கே ஏது மாடிப்படி? மாடியில் குடியிருப்பது நீ. உன் கடிதங்களை வரிசையாக மேஜைமேல் பரப்பிப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றிலும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசிக் கடிதத்தில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

பரீட்சை அறையில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உன்னிடம் இருக்கமாட்டேன். உன் கண்ணுக்கு என்ன?

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

இது என் எழுத்து இல்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற தோழி எழுதுகிறாள். உங்கள் கடிதங்களையும் இப்போது இவள்தான் படிக்கிறாள். முன்னெல்லாம் பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன்.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறதாம். டிரைவருக்கு ஓரம் போனது, எனக்கு நடு. ஒருவர் முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு புகை. காதைப் பார்த்தால் மூக்கு கொஞ்சம் தெரிகிறது. அதனால் எல்லோருடைய காதையும் பார்த்துப் பேசுகிறேன், திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள். திரும்ப வராது, ஓரத்துப் பார்வை மட்டும் தங்கும் என்று டாக்டர் சொன்னார். இதெல்லாம் தீபாவளி, பொங்கல் மாதிரி சொல்லிக்கொள்கிற செய்தியா? அதனால்தான் சொல்லவில்லை.

உங்கள் ஜனவரிக் கடிதம் வந்த வாரம்தான் டாக்டரிடம் போய் வந்திருந்தேன். பிரித்தால் பார்வையில்லாதவருக்குப் பரீட்சை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருந்தது. பொடிசை முன்னால் நிறுத்தி உங்களைத் திட்டினேன்.

(நான் பக்கத்து சீட்டு. இவள் அழுகிறாள். அதை எழுதாதே என்கிறாள். எழுதிவிட்டேன்.)

ஆபீஸில் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரை பார்க்க முடியாதென்றால் ஸ்டோர் அறைக்கு மாற்றுவார்கள். மற்றவர்கள் பேசிய அழைப்புகளைக் காதால் கேட்டுத் தரம் பார்க்கிற மேஜை ஒன்று இருக்கிறது. அதற்கு ஜூனில் துறைத் தேர்வு எழுதவேண்டும். யாரோ முகம் தெரியாத ஒருத்தியிடம் பதில் சொல்லி, அவள் எழுதி, எனக்குக் குரலே வராது அண்ணி. நீங்கள் வந்து எழுதுவதானால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஸ்டோர் அறையே போதும்.

இந்தக் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டாதீர்கள். என்மேல் ஆணை.

உங்கள் ரேடியோ

(அவள் சாப்பிடுவதில்லை. இதையும் அவள் சொல்லவில்லை. சொல்வதை மட்டும் எழுது என்கிறாள். அதெல்லாம் பரீட்சைக்கு. — பக்கத்து சீட்டு.)


ஏப்ரல் 19

என் ரேடியோவுக்கு,

நலமா என்று கேட்க இப்போது பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். பக்கத்து சீட்டுக்கு என் நன்றியைச் சொல். அவளே இதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்பதால் நேரடியாகவே சொல்கிறேன்: நன்றிம்மா. அவளைச் சாப்பிட வை.

ஆணையை மீறிவிட்டேன். மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் உன் கடிதம் வந்த நாள் முழுக்க உன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நான் படிப்பேன் என்று காத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல், "கடுதாசி வந்துச்சே, ஏன் படிக்கல?" என்றார். தலைவலி என்றேன். "அவளுக்கு என்ன?" என்றார். எனக்கு என்னவென்று கேட்கவில்லை, 'அவளுக்கு' என்றார். எடுத்துப் படித்துவிட்டேன், ஒரு வரி விடாமல்.

கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு பிரிட்ஜைக் கழற்ற ஆரம்பித்தார். அது இன்னும் முழுதாகப் பூட்டப்படவில்லை. பாலை எதிர்வீட்டில் வைத்திருக்கிறேன்.

"இங்கயே வந்துடச் சொல்லு" என்றார். அவளுக்கு வேலை இருக்கிறது, அவள் பழகிய தெரு இருக்கிறது, நாம் கூப்பிட்டு உட்காரவைத்தால் முழுக்க இருட்டாகிவிடும் என்றேன். புரிந்துகொண்டாரா தெரியவில்லை. அடுத்த வாரம் வருகிறார். கதவைத் திற.

பரீட்சை பற்றி. நான் உனக்கு எழுத முடியாது, சொந்தம் என்றால் விடமாட்டார்கள். பொய் சொல்லி எழுதலாம். எழுதினால் நீ பாஸானது நீயாக இருக்காது. உன் ஊர்ச் சங்கத்துக்கு இங்கேயிருந்து சொல்லியிருக்கிறோம், ஆள் பார்த்துத் தருவார்கள். முகம் தெரியாதவள் என்று பயப்படுகிறாய். டிரைவர் அண்ணா என் முகத்தைப் பார்த்ததில்லை. நீ காதைப் பார்த்தாவது பேசுவாய்.

பரீட்சை அன்று வாசலில் நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். கோபமிருந்தால் எழுது, கோபத்தோடு சேர்த்துச் சாப்பிடு.

அண்ணி


மே 7

அன்பு அண்ணிக்கு,

பக்கத்து சீட்டு எழுதுகிறாள். கோபமாகத்தான் இருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் போடக்கூடாதென்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் அண்ணன் வந்துவிட்டான்.

டூல் பையோடு வந்தான். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்புத் திருகில், ஹீட்டர் சுவிட்சில், பூட்டில் எல்லாம் தொட்டால் தெரிகிற மாதிரி ரப்பர்க் குமிழ் ஒட்டினான். மாடிப்படி விளிம்பு ஒவ்வொன்றிலும் மஞ்சள் பட்டை. வீட்டுக்காரம்மா, "என் படியைக் கெடுக்கறீங்களே" என்று சண்டைக்கு வந்தாள். அவள் வீட்டு மிக்சியைச் சரிசெய்து கொடுத்து வாயை அடைத்துவிட்டான். கிளம்புகிறபோதுதான் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றான். "சொன்னா நீ அழுவே" என்றேன். "நான் எதுக்கு அழப்போறேன்?" என்று கேட்டுவிட்டு அழுதான்.

அவன் போனபிறகு துறைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். எழுத ஒருத்தி வருகிறாளாம். யார், என்ன என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்களாம்.

பொடிசின் ரிசல்ட் என்று வருகிறது?

உங்கள் ரேடியோ


ஜூன் 20

அன்பு அண்ணிக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. அன்றைக்கு உங்களோடு பேச முடியவில்லை. வெளியே வந்ததும் தலைசுற்றல், அப்புறம் உங்கள் பஸ் நேரம். உள்ளே நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அவள் தாமதமாக வந்தாள். மணியடித்த பிறகு மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தாள். மேல் முழுக்கக் குழந்தைப் பவுடர் வாசனை. "சொல்லுங்கக்கா" என்றாள். எனக்குக் குரலே எழும்பவில்லை. நாள் முழுக்க ஊர்ப்பட்ட ஜனங்களிடம் பேசுகிறவளுக்கு ஒரு பெண்ணிடம் முதல் வரி சொல்ல முடியவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. பேனா மூடியை மட்டும் கழற்றினாள். அந்தச் சத்தம் கேட்டதும், சரி, இவள் தயார் என்று தோன்றியது. ஆரம்பித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. என் பக்கத்தில் பேனா நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. அவள் குழந்தை என்று புரிந்துவிட்டது. எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. எழுந்து போம்மா என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் என் பரீட்சை அதோடு சரி. சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன் அண்ணி. அது இன்னும் உறுத்துகிறது. அப்புறம் அழுகை நின்றது. நின்றது மட்டுமில்லை, குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் கை நிற்கவேயில்லை, என் வாயும்.

முடிந்ததும் நன்றி சொல்லத் திரும்பினேன், ஓடிவிட்டாள். பெயர்கூடத் தெரியாது.

அந்தக் குழந்தையை யார் வைத்திருந்தார்கள்? நீங்களா?

ரேடியோ


ஜூன் 29

அன்புள்ள ரேடியோவுக்கு,

நலம். பொடிசு பாஸ், எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். டிரைவர் அண்ணாவும் பாஸ், கணக்கில் மட்டும் மயிரிழையில். அடுத்த வாரம் கவுன்ட்டரில் உட்காருகிறார். எந்த பஸ் எத்தனை மணிக்கென்று அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

நீ கேட்டதற்குப் பதில்: நான் இல்லை.

அந்தப் பெண் கைக்குழந்தையோடுதான் வந்தாள். கணவன் பார்த்துக்கொள்வதாக இருந்ததாம், காலையில் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். சங்கத்தில் சொல்லி வேறு ஆள் அனுப்பச் சொல்லலாம் என்று வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தாள். நான் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அதற்குள் உன் அண்ணன் நடந்துபோய், "குடும்மா குழந்தைய. உள்ள இருக்கறது என் தங்கச்சி. நீ போய் எழுது" என்றார்.

பொடிசு குழந்தையாக இருந்தபோது ராத்திரி அழுதால் தலையணையைக் காதில் வைத்துக்கொண்ட மனிதர் இவர். இந்தக் குழந்தை அவர் மீசையைப் பார்த்ததும் வீறிட்டது. நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தோளில் போட்டார், மடியில் போட்டார், தாழ்வாரம் முழுக்க நடந்தார். கடைசியில் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக்கொண்டு, பழுதான வாஷிங் மெஷின் எப்படிச் சத்தம் போடும் என்று வாயால் செய்து காட்டினார். அது சிரித்தது. உடனே பழைய பிரிட்ஜ், மிக்சி, தண்ணீர் மோட்டார் என்று வரிசையாக எல்லாம் செய்தார். கண்காணிப்பாளர் வந்து, "சார், மெதுவா" என்றார். சட்டை நனைந்தும் இறக்கிவிடவில்லை.

அவள் வந்து வாங்கிக்கொண்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நல்லா சொன்னாளா?" "அதச் சொல்லக்கூடாதுண்ணா" என்றாள் அந்தப் பெண். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பஸ்ஸில் என்னிடம், "அவகிட்ட சொல்லாதே" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அவர் என்ன செய்வார்?

அண்ணி


ஆகஸ்ட் 3

அன்பு அண்ணிக்கு, அண்ணனுக்கு, பொடிசுக்கு,

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், இனிமேல் யாருக்கும் யாரும் படித்துக் காட்டாமல் ஒளிக்கவேண்டாம். நான் பாஸ். பக்கத்து சீட்டு இதை எழுதும்போது என்னைவிடச் சத்தமாகச் சிரிக்கிறாள். புது மேஜைக்கு வந்துவிட்டேன். நாள் முழுக்க மற்றவர்கள் எப்படிக் கத்துகிறார்கள் என்று கேட்கிற வேலை. என் தொண்டை தேறிவிட்டது, காதுதான் பாவம். போன மாதத்தைவிடப் பார்வை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதையும் சொல்லிவிட்டேன், கணக்குத் தீர்ந்தது.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல சங்கத்துக்குப் போனேன். விலாசம் தரமாட்டோம் என்றார்கள். அவள் இனி வருவாளா என்று கேட்டேன். "வர்றேன்னுதான் சொல்றா. அடுத்த மாசம் ஒரு பையனுக்குப் பரீட்சை இருக்கு. ஆனா குழந்தையப் பாத்துக்க ஆளில்லாம முழிக்கிறா" என்றார்கள்.

நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். என் கையில் இருந்த வெள்ளைக் கோலுக்காகத் தயங்கினார்கள். மடியில் வைத்துக்கொள்ளத்தானே, ஓடிப் பிடிக்கவா போகிறேன் என்று நானே சொன்னேன். அவளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். நேற்று அவளே ஆபீஸுக்குப் போன் செய்தாள். "குழந்தை இன்னும் தவழ ஆரம்பிக்கலக்கா. பரீட்சை வரைக்கும் தவழாதுன்னு நெனக்கிறேன். நீங்க வர்றீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பரீட்சை. லீவுகூடப் போடவேண்டாம். பக்கத்து சீட்டும் கூட வருகிறாள்.

அண்ணா, அந்த வாஷிங் மெஷின் சத்தம் எப்படி என்று எழுது. எழுத வராது என்றால் போன் பண்ணு. எடுக்கிறேன்.

உங்கள் மூவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

ரேடியோ